நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் வந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு: வீட்டில் செய்ய வேண்டியவை, வரிசையாக

டாக்டர் நோயின் பெயரைச் சொல்லும் அன்று பெற்றோர் காதில் எதுவும் ஏறாது. கையில் ஒரு சீட்டும் மாத்திரைப் பையும், இடுப்பில் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிய குழந்தையுமாக வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் வரும். என் மகளுக்கு இந்த நோய் வந்து போய், மறுபடி வந்து போய், நாங்கள் இந்த வேலைக்குப் பழகிவிட்டோம். ஓ.பி.யில் காத்திருக்கும் நேரத்தில் புதிதாக வருகிறவர்களோடு பேசும்போது, ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தது. அந்த இடங்களைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது 1 வயது தாண்டிய, முதல் முறையாக ஸ்டீராய்டு தொடங்கும் குழந்தைகளுக்கானது. 1 வயதுக்குள் வந்த நோய்க்கும், சிறுநீர் சிவப்பாகவோ டீ டிகாஷன் நிறத்திலோ போகும் குழந்தைக்கும், ரத்த அழுத்தம் ஏறியே இருக்கும் குழந்தைக்கும் வைத்தியம் வேறு மாதிரி போகலாம். அவர்கள் நேராகக் குழந்தைகள் சிறுநீரக நிபுணரிடம் போவது நல்லது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் அந்தப் பிரிவு இருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் போய்விடுகிறது. ரத்தத்தில் அது குறையக் குறைய, உடம்பில் நீர் தேங்கி வீங்குகிறது. ஸ்டீராய்டு அந்தக் கசிவை அடைக்கிறது. கசிவு முதலில், வீக்கம் கடைசியில். அதனால் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தால் எப்போதும் தாமதமாகத்தான் தெரியும். கீழே வரும் படிகள் பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

1. முதல் மாத்திரைக்கு முன்பு முடிய வேண்டிய பரிசோதனைகள்

ஸ்டீராய்டு நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும். உடம்பில் ஏற்கெனவே ஒரு தொற்று ஒளிந்திருந்தால் அது பெரிதாகும். அதனால்தான் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் காசநோய்ப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் முதலில் எடுக்கிறார்கள். “பிள்ளை இப்படி வீங்கிக் கிடக்குது, இன்னும் மருந்து தரலையே” என்று பதற வேண்டாம். இருக்கும் தொற்றை முதலில் அடக்கிவிட்டு ஸ்டீராய்டைத் தொடங்குவதுதான் சரியான வரிசை.

காசநோய் ஊசி போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்ட வேண்டும். சனி, ஞாயிறு குறுக்கே வந்துவிட்டது என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விட்டால் அந்தப் பரிசோதனை வீண். ஊசி போடும்போதே எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தாலும், காசநோய் மருந்து சாப்பிட்டவர் இருந்தாலும் கேட்காமலே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தாத்தாவுக்கு வந்து குணமானது என்றாலும் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அது ஏன் என்று 8-ஆம் பகுதியில் வரும்.

அன்றைய எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். ரத்த அழுத்தத்தைக் குழந்தையின் கைக்கு ஏற்ற சின்னப் பட்டையில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான பட்டையைச் சுற்றினால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

2. சீட்டைப் படித்துப் புரிந்துகொண்டு எழுந்திருங்கள்

இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்படி, முதல் முறை நோய்க்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 6 வாரம் தினமும், அதன் பிறகு குறைந்த அளவில் 6 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். மொத்தம் 12 வாரம். தினசரிக் கட்டத்தில் எடையில் கிலோவுக்கு 2 மி.கி., அதிகபட்சம் 60 மி.கி. இரண்டாவது கட்டத்தில் கிலோவுக்கு 1.5 மி.கி., அதிகபட்சம் 40 மி.கி. 15 கிலோ குழந்தைக்கு முதல் கட்டத்தில் 30 மி.கி. என்று வரும்.

உடம்பின் பரப்பளவை வைத்தும் டாக்டர்கள் கணக்கிடுவார்கள். அதே 15 கிலோ குழந்தைக்கு அந்தக் கணக்கில் 38 மி.கி. அளவுக்கு வரும். சின்னக் குழந்தைகளுக்கு இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. அதனால் பக்கத்து பெஞ்சில் இருக்கும் குழந்தையின் அளவோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். வீங்கிய உடம்பின் எடையில் நீரும் சேர்ந்திருப்பதால், வீக்கத்துக்கு முந்தைய எடை தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடி அட்டையில் பல சமயம் அது இருக்கும். அளவை முடிவு செய்வது டாக்டர்தான். நான் எண்களைச் சொல்வது, சீட்டில் எழுதியது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

எழுந்திருக்கும் முன் நான்கு விஷயங்கள் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மி.கி., அது எத்தனை மாத்திரை அல்லது எத்தனை மி.லி., தினசரிக் கட்டம் எந்தத் தேதியில் முடிகிறது, அடுத்த கட்டத்தில் எத்தனை மி.கி. “அரை மாத்திரை காலையில்” என்று மட்டும் இருந்தால் போதாது. எதில் பாதி?

பெரிய ஆபத்து இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வைசலோன், ஓம்னாகார்டில் போன்ற பெயர்களில் கிடைக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை 5, 10, 20 மி.கி. என்று பல அளவில் வருகிறது. சிரப்பிலும் 5 மி.லி.க்கு 5 மி.கி. இருப்பது ஒன்று, 5 மி.லி.க்கு 15 மி.கி. இருப்பது இன்னொன்று. மருந்துக் கடையில் “அது இல்லை, இது இருக்கு” என்று மாற்றிக் கொடுத்தால், அதே மூடியில் அதே அளவு ஊற்றும் வீட்டில் மருந்து மூன்று மடங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ ஆகிவிடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையில் மி.கி. எண்ணைப் படியுங்கள். மாறியிருந்தால் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்டுப் புதுக் கணக்கை எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள்.

3. வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டைகள் ஒரு டப்பா, அல்லது ஒரு டெஸ்ட் ட்யூபும் சல்போசாலிசிலிக் அமிலமும். சிறுநீர் பிடிக்க ஒரு சின்ன டப்பா, அதற்கு மட்டும் என்று தனியாக. அரை கிலோ வித்தியாசமாவது காட்டும் எடை மெஷின், தெர்மாமீட்டர், சிரப் என்றால் ஊசியில்லாத சிரிஞ்ச், 100 பக்க நோட்டு ஒன்று, பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர்.

சிறுநீர் டப்பாவை சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவி அப்படியே வைக்காதீர்கள். அதன் மிச்சம் பரிசோதனையைக் கெடுத்து, இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டலாம். வெறும் தண்ணீரில் நன்றாக அலசிக் காய வையுங்கள்.

4. காலண்டரில் முழு 12 வாரத்தையும் முதல் நாளே குறியுங்கள்

தினசரிக் கட்டம் 42 நாள். முதல் மருந்து கொடுக்கும் தேதியிலிருந்து எண்ணி, ஒவ்வொரு கட்டத்திலும் மி.கி. எண்ணைச் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். 43-ஆம் நாள் தொடங்கி ஒன்றுவிட்டு ஒரு நாள். அதற்கு நீலம். மருந்து இல்லாத நாளில் ஒரு கோடு போடுங்கள், காலியாக விடாதீர்கள். கட்டம் காலியாக இருந்தால், கொடுக்க மறந்தோமா, கொடுக்கக் கூடாத நாளா என்ற சந்தேகம் வரும்.

“ஒற்றைப்படைத் தேதியில் கொடுத்தால் ஞாபகம் இருக்கும்” என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். 31 நாள் மாதம் வந்தால் 31-ஆம் தேதியும் கொடுத்து, மறுநாள் 1-ஆம் தேதியும் கொடுத்துவிடுவார்கள். இரட்டைப்படை வைத்துக்கொண்டால் 30-ஆம் தேதிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி விழும். தேதிக் கணக்கே வேண்டாம். கட்டத்துக்குக் கட்டம் கையால் குறியுங்கள்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்திவிடும். அதைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு மருந்து இல்லாத நாள் ஓர் இடைவெளி கொடுக்கிறது. வளர்ச்சி குன்றுவது, முகம் உப்புவது போன்ற தொல்லைகளும் குறைகின்றன. அதனால் அன்றைய அளவைப் பாதியாக்கித் தினமும் கொடுத்தால் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள்.

5. தினமும் காலையில், இந்த வரிசையில்

எழுந்ததும் சிறுநீர், பிறகு எடை, பிறகு காலைச் சாப்பாடு, கடைசியில் மருந்து.

எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைத்தான் பிடிக்க வேண்டும். ஓடி ஆடிய பிறகு சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் புரதம் இறங்கும், அது நோய்க் கணக்கில் வராது. காலைச் சிறுநீரில் அந்தக் குழப்பம் இல்லை. கழிப்பறைப் பழக்கம் வராத குழந்தை என்றால் டயப்பரில் சுத்தமான பஞ்சு உருண்டை ஒன்றிரண்டு வைத்து, நனைந்ததும் எடுத்து டப்பாவில் பிழிந்துகொள்ளலாம். டயப்பரில் உள்ள ஜெல்லைப் பிழிந்து எடுக்கப் பார்க்காதீர்கள்.

பட்டை முறை: பட்டையை நனைத்து உடனே எடுத்து, ஓரத்தைத் தட்டி வடித்து, படுக்கை வாட்டில் பிடித்து, டப்பாவில் போட்டிருக்கும் விநாடிக் கணக்கு முடிந்ததும் நிறத்தைப் பாருங்கள். புரதத்துக்குப் பெரும்பாலும் 60 விநாடி. பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் பச்சை கூடியிருக்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப் லைட்டில் பச்சையும் மஞ்சளும் ஏமாற்றும். டப்பாவை உடனே மூடுங்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஈரம் பட்ட பட்டை பொய் சொல்லும்.

அமில முறையில் செலவு குறைவு. டெஸ்ட் ட்யூபில் சிறுநீர் எடுத்து, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த அளவு அமிலத்தை விடுங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி மாறும் என்பதால் சொட்டுக் கணக்கை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ட்யூபைத் தினசரித் தாளின் முன்னால் பிடியுங்கள். தெளிவாகவே இருந்தால் இல்லை. மெல்லிய மங்கல் மட்டும் என்றால் சிறு தடயம், நோட்டில் ‘ட்ரேஸ்’ என்று எழுதுங்கள். கலங்கியும் எழுத்தைப் படிக்க முடிந்தால் 1+. எழுத்து தெரியாத அளவு வெண்மேகமாக இருந்தால் 2+. அதில் பொடிப்பொடியாகத் திரிந்தால் 3+. திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக அடியில் இறங்கினால் 4+. அமிலத்தைக் குழந்தை கைக்கு எட்டாத அலமாரியில் வைக்க மறக்காதீர்கள்.

எடையை ஒரே மெஷினில், குறைந்த உடையில் பாருங்கள். வீக்கம் வடியும்போது எடை சட்டென்று இறங்கும். “பிள்ளை இளைச்சுப் போச்சு” என்று பாட்டிமார்கள் கண்ணைத் துடைப்பார்கள். இறங்கியது நீர் என்று சொல்லுங்கள்.

6. மருந்தைக் கொடுக்கும் முறை

ஒரே வேளையாக, காலைச் சாப்பாடு முடிந்ததும். உடம்பின் சொந்த ஸ்டீராய்டு காலையில்தான் அதிகம் சுரக்கும், அந்த நேரத்தோடு ஒட்டிக் கொடுப்பது நல்லது. ராத்திரி கொடுத்தால் குழந்தை தூங்காது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு எரியும். பிரித்துக் கொடுக்கும்படி டாக்டர் குறிப்பாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடி செய்யுங்கள்.

பிரெட்னிசோலோன் பயங்கரக் கசப்பு. கரையும் மாத்திரையை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் வெல்லப்பாகோ மசித்த வாழைப்பழமோ சேர்த்து ஒரே வாயில் கொடுங்கள். ஒரு டம்ளர் பாலில் கலந்தால் குழந்தை பாதியில் வைத்துவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. பால் கசக்கிறது என்று அப்புறம் பாலையே வெறுக்கவும் கூடும்.

கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் பொதுவாக மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு என்றால் டாக்டரைக் கேளுங்கள். இந்த விதியை முதல் சந்திப்பிலேயே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. எதுவும் தங்காமல் வாந்தி தொடர்ந்தால் வீட்டில் காத்திருக்கவே கூடாது, ஊசியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

காலையில் மறந்து மதியம் ஞாபகம் வந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் இரண்டு நாள் மருந்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நோட்டில் எழுதி, டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இனி, எல்லாவற்றையும்விட அதிகமாக நடக்கும் தவறு. மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் பல குழந்தைகளுக்குச் சிறுநீர் சுத்தமாகிவிடும், சிலருக்கு நான்கு வாரம் வரை ஆகும். முகம் வடிந்து, குழந்தை பழையபடி ஓடும். உடனே வீட்டில் பேச்சு தொடங்கும். ஓ.பி.யில் ஒரு பாட்டி நர்ஸிடம் சொன்னதைக் கேட்டேன்: “வீக்கம்தான் போயிடுச்சே சிஸ்டர், இந்தச் சின்ன உடம்புக்கு எதுக்கு இவ்வளவு மாத்திரைன்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன்.” நர்ஸ் கோபப்படவில்லை. “பாட்டி, வீக்கம் போனதே மாத்திரையாலதான். உள்ள ஓட்டை இன்னும் சரியா அடையல. நீங்க நிறுத்தினா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், இன்னும் அதிக மாத்திரை போகும்” என்றார். பாட்டிக்குப் புரிந்த காரணம் அந்தக் கடைசி வரிதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதையே சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. உடம்பின் சொந்தச் சுரப்பு இன்னும் விழித்திருக்காது. அந்த நேரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் குழந்தை துவண்டு, ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம்.

7. நோட்டில் என்ன எழுதுவது

ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, சிறுநீர் முடிவு, எடை, கொடுத்த மி.கி., காய்ச்சல், சளி, வேறு எது நடந்தாலும். “நார்மல்” என்று எழுதாதீர்கள், “இல்லை”, “ட்ரேஸ்”, “2+” என்று பார்த்ததை எழுதுங்கள். டாக்டர் இரண்டு நிமிடத்தில் இரண்டு மாதத்தைப் படிப்பது இந்த நோட்டில்தான். அடுத்து எந்த மருந்து, எவ்வளவு என்ற முடிவும் பெரும்பாலும் இதை வைத்தே வரும்.

முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை: குழந்தையின் நோய், ஸ்டீராய்டு தொடங்கிய தேதி, டாக்டர், ஆஸ்பத்திரி எண்கள், ஒவ்வாமை இருந்தால் அது. ராத்திரி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் இந்தப் பக்கம் பேசும்.

8. தொற்று, தடுப்பூசி, அம்மை

இந்த நோயில் குழந்தையைப் பெரிய ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் தொற்றுதான். கூட்டம், கல்யாண வீடு, சளி பிடித்த உறவினர் மடி, இவற்றைத் தினசரி மருந்துக் கட்டத்தில் தவிருங்கள். அதற்காக மாதக்கணக்கில் பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை. எப்போது அனுப்பலாம் என்று கேட்டு அனுப்புங்கள்.

உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பு மருந்துகள் சில உண்டு. தட்டம்மை தடுப்பூசி, சின்னம்மை தடுப்பூசி, வாயில் விடும் போலியோ சொட்டு மருந்து எல்லாம் அந்த வகை. அதிக அளவு ஸ்டீராய்டு சாப்பிடும்போது இவற்றைப் போடக் கூடாது, மருந்து நின்று சில வாரம் போக வேண்டும். போலியோ முகாம் நாளில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் குழந்தை ஸ்டீராய்டு சாப்பிடுவதைச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள மற்றக் குழந்தைக்குச் சொட்டு மருந்து தரலாமா என்பதையும் டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். நிமோனியாவுக்கான ஊசியும் வருடாந்தர ஃப்ளூ ஊசியும் உயிருள்ள கிருமி இல்லாதவை. இந்தக் குழந்தைகளுக்கு அவற்றைப் போடவே சொல்வார்கள். எப்போது என்பதை டாக்டர் குறித்துத் தருவார்.

சின்னம்மை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அம்மை போட்டால் வெளியே சொல்ல மாட்டோம், வாசலில் வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிப் பக்கம் போக மாட்டோம். ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டார், உறவினர் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: “உங்க வீட்ல யாருக்காவது அம்மை போட்டா எங்களுக்கு அன்னைக்கே சொல்லிடுங்க.” குழந்தை அம்மை போட்டவரோடு இருந்தது தெரிந்தால், கொப்புளம் வருகிறதா என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். தடுப்பதற்குக் கொடுக்கும் மருந்துக்கு நேரக் கெடு உண்டு, முதல் நான்கு நாட்களுக்குள் கொடுத்தால்தான் அதிகப் பயன். வேப்பிலையும் வையுங்கள், மாரியம்மனையும் வேண்டிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

9. சாப்பாடு

வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறையுங்கள், புரதத்தைக் குறைக்காதீர்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்று கேட்டதும் சிலர் பருப்பு, முட்டையை நிறுத்துகிறார்கள், சிலர் நாளைக்கு ஐந்தாறு முட்டை வெள்ளைக்கரு திணிக்கிறார்கள். வயதுக்கு ஏற்ற வழக்கமான அளவே போதும்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்றால் சாம்பாரிலிருந்து மட்டும் இல்லை. அப்பளம், ஊறுகாய், வடகம், கருவாடு, மிக்சர், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ், பேக்கரிப் பண்டம் எல்லாவற்றிலும் இருக்கிறது. குழந்தைக்குத் தனியாக உப்பில்லாமல் சமைத்தால் அது தொடாது. வீட்டுக் குழம்பிலேயே எல்லோருக்கும் உப்பைக் குறைத்து, வேண்டியவர் தட்டில் போட்டுக்கொள்வது நடைமுறையில் எளிது. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அதிலும் சோடியம்தான். தண்ணீரை டாக்டர் சொன்னால் மட்டும் குறையுங்கள்.

ஸ்டீராய்டு அகோரப் பசியைக் கிளப்பும். மூன்று வயதுக் குழந்தை ராத்திரி 2 மணிக்கு எழுந்து தோசை கேட்கும். அது குழந்தையின் பிடிவாதம் இல்லை, திட்டாதீர்கள். வெள்ளரி, கொய்யா, பப்பாளி, உப்புக் குறைந்த சுண்டல், இட்லி என்று கையில் தயாராக வைத்திருங்கள். பிஸ்கட் பாக்கெட்டையும் பொரித்ததையும் வீட்டில் வைக்காமல் இருப்பதுதான் வழி.

10. பக்க விளைவுகளில் எதற்குப் பயப்பட வேண்டும்

கன்னம் உப்புவது, வயிறு முன்தள்ளுவது, முதுகிலும் நெற்றியிலும் பூனைமுடி, எரிச்சல், அழுகை, தூக்கமின்மை: இவை அளவு குறையும்போது குறையும். ஸ்டீராய்டால் முகம் உப்புவதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து ஓடி வருகிறவர்கள் உண்டு. சிறுநீரைப் பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது.

கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியவை ரத்த அழுத்தம், உயரம், கண். உயரம் தடைப்படுகிறதா என்று தெரிய சில மாதங்களுக்கு ஒருமுறை சுவரில் குறியுங்கள். மருந்து மாதக்கணக்கில் நீண்டால் கண்ணில் புரை, கண் அழுத்தம் வரலாம். வருடம் ஒருமுறையாவது கண் டாக்டரிடம் காட்டுவது வழக்கம். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் டாக்டர் எழுதினால் ஒழுங்காகக் கொடுங்கள்.

காய்ச்சல், வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுபீளை, மூக்கிரட்டை, பெயர் தெரியாத சூரணம் என்று யாராவது அன்போடு கொண்டுவந்தால் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். சில கலவைகளில் பாதரசம், ஈயம் போன்றவை இருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

11. இந்த நிலைகளில் காலை வரை காத்திருக்காதீர்கள்

காய்ச்சலோடு வயிற்று வலி, வயிற்றைத் தொட்டாலே அழுவது. வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி பிடித்திருக்கலாம், சில மணி நேரத்தில் மோசமாகும். தோல் சிவந்து சூடாக வலிப்பது. மூச்சு வாங்குவது. சிறுநீர் மிகக் குறைவது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கடும் தலைவலியோடு வாந்தி, வலிப்பு: இந்த நோயில் ரத்தம் கட்டியாகும் தன்மை அதிகம் என்பதால் இவற்றை அலட்சியப்படுத்தக் கூடாது. கறுப்பாக மலம் போவது. மருந்து தங்காத வாந்தி. எழுப்பினால் எழாத சோர்வு.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வாக்கியமே “குழந்தை ஸ்டீராய்டு சாப்பிடுது” என்று இருக்கட்டும். மருந்து நின்று ஒரு வருடம் வரை, பெரிய காய்ச்சலுக்கோ ஆபரேஷனுக்கோ போகும்போதும் இதைச் சொல்லுங்கள். உடம்பின் சொந்தச் சுரப்பு போதாது என்று அவர்கள் கூடுதல் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கலாம்.

12. 12 வாரம் முடிந்த பிறகு

மருந்து நிற்கும், சிறுநீர் பார்ப்பது நிற்காது. வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள், காய்ச்சல் சளி இருந்தால் தினமும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த நோய் ஒருமுறையாவது திரும்பி வரும், பல சமயம் ஒரு சளியைத் தொடர்ந்து. உங்கள் கவனிப்பில் குறை என்று அர்த்தமில்லை.

ஒரு நாள் 2+ பார்த்ததும் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். காய்ச்சலில் தற்காலிகமாகப் புரதம் இறங்கித் தானே நின்றுவிடுவதும் உண்டு. தொடர்ந்து மூன்று நாள் காலையில் 3+ அல்லது 4+ என்றால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்பே வீக்கம் வந்தால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்.

திரும்பி வந்தால் மறுபடி தினசரி மருந்து. ஆனால் இந்த முறை 6 வாரம் என்ற கணக்கு இல்லை. தொடர்ந்து மூன்று நாள் ‘இல்லை’ அல்லது ‘ட்ரேஸ்’ வரும் வரை தினமும், பிறகு 4 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்பது வழக்கமான முறை. எப்போது மாற்றுவது என்பதை உங்கள் வீட்டுப் பரிசோதனையே தீர்மானிக்கிறது. இங்கே நோட்டு இல்லாத குடும்பம் தேவைக்கு மேல் பல நாள் ஸ்டீராய்டு கொடுத்துவிடும். பழைய காலண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் குறியுங்கள்.

அடிக்கடி திரும்பினாலோ, அளவைக் குறைக்கும்போதெல்லாம் திரும்பினாலோ, லெவமிசோல், மைக்கோஃபெனோலேட் போன்ற வேறு மருந்துகள் பற்றி டாக்டரே பேசுவார். அவை ஸ்டீராய்டின் மொத்த அளவைக் குறைப்பதற்காக. 6 வாரம் தினமும் ஒழுங்காகக் கொடுத்தும் சிறுநீர் சுத்தமாகவில்லை என்றால் சிறுநீரகத்திலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி தேவைப்படும். அப்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, ஒரு நாளும் விடாமல் கொடுத்தீர்களா என்பதுதான். விட்ட நாள் இருந்தால் மறைக்காமல் நோட்டைக் காட்டுங்கள், தேவையில்லாத பயாப்சியையும் இன்னும் கடுமையான மருந்தையும் அது தவிர்க்கக்கூடும்.